கிணற்றுக்கு முன் கிடங்கு: குரோமியம்-6, ராணிப்பேட்டை, ஒரகடம்

1. கேள்வி

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பையைக் கடந்தால், ஒரகடத்துக்கு முன்னால் வரும் ஊர் சேரப்பணஞ்சேரி. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்களுள் ஒன்று. இன்று நாட்டின் மிகப்பெரிய வாகன உற்பத்தி மண்டலங்களில் ஒன்றின் விளிம்பில் நிற்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காரை உருட்டிவிட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் வந்தது, 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. இவற்றின் பின்னால் உதிரிபாகம் செய்யும் நிறுவனங்கள் வந்தன. அவற்றுக்குக் கூலிக்கு வேலை செய்துகொடுக்கும் சிறு பட்டறைகள் அடுத்த வரிசை. முலாம் பூசுதல், துருத்தடுப்பு, வண்ணப்பூச்சு ஆகிய மேற்பரப்பு வேலைகளில் ஒரு பங்கு அந்தக் கடைசி வரிசையில் நடக்கிறது.

இந்த வேலைகள் சிலவற்றில் அறுஇணைதிறன் குரோமியம், அதாவது குரோமியம்-6, புழங்குகிறது. குடிநீரில் அது கலக்கிறதா என்ற கேள்வி இத்தகைய இடங்களில் எழுவது இயல்பு. சேரப்பணஞ்சேரியின் நீரிலோ அதன் அண்டை ஊர்களின் நீரிலோ கலந்திருக்கிறது என்று இக்கட்டுரை சொல்லவில்லை. எந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு ‘இருக்கிறது’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லலாம் என்பதே இங்கே ஆராயப்படுவது. வழக்கமான விடை, கிணற்று நீரை எடுத்துப் பரிசோதிப்பது. அது தேவையான வேலைதான். ஆனால் வரிசையில் அது கடைசியில் வரவேண்டும் என்றும், முதலில் திறக்க வேண்டியது குரோமிக் அமிலத்தின் கொள்முதல் கணக்கு என்றும் நான் கருதுகிறேன். இப்படிக் கருத வைத்தது, இங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் எழுபது கிலோமீட்டர் அளவில் இருக்கும் ராணிப்பேட்டை.

2. ஒரு தனிமம், இரண்டு குணம்

குரோமியத்தைப் பற்றிய பொதுப் பேச்சில் பாதிக் குழப்பம், அதன் இரு வடிவங்களையும் ஒன்றாகப் பேசுவதால் வருகிறது. குரோமியம்-3 நடுநிலை நீரில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும், மண்ணைப் பற்றிக்கொள்ளும், அதிக தூரம் நகராது. குரோமியம்-6 எதிர்மின்னூட்டம் கொண்ட குரோமேட்டாக நீரில் கரைந்து நிற்கும். மண்துகள்களின் மேற்பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டதே என்பதால் பிடிபடாமல் நிலத்தடி நீரோடு போகும். காரத்தன்மை கூடினால் இன்னும் எளிதாகப் போகும். சல்பேட்டின் உருவத்தை ஒத்திருப்பதால் உயிரணுக்களுக்குள் சல்பேட் நுழையும் வழியிலேயே நுழைந்து, உள்ளே சென்றபின் குரோமியம்-3ஆக மாறுகிறது. அந்த மாற்றத்தின்போதுதான் மரபணுவுக்குச் சேதம் நேர்கிறது.

ஒரு வடிவம் மற்றொன்றாக மாறவும் செய்யும். இரும்பும் மக்கிய கரிமப் பொருளும் குரோமியம்-6ஐ 3ஆக இறக்கும். மாங்கனீசு ஆக்சைடு 3ஐ 6ஆக ஏற்றும். ஆகவே கறுத்த வண்டல் நிறைந்த ஏரிப் படுகை ஓரளவுக்கு வடிகட்டி போலச் செயல்படலாம். வண்டல் இல்லாத பாறைப் பிளவில் இறங்கிய நீருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது.

இயற்கையாகவும் குரோமியம்-6 நீரில் வரும். குரோமைட் தாங்கும் பாறைகள் உள்ள இடங்களில் அது எதிர்பார்க்கத்தக்கது: ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கு உலகறிந்தது, தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குரோமைட் உண்டு. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் நிலம் வேறு. அங்கே சார்னகைட்டும், ஸ்ரீபெரும்புதூரின் பெயரையே தாங்கிய கோண்ட்வானா காலப் படிவுகளும் இருக்கின்றன. குரோமைட்டுக்குப் பெயர்பெற்ற பாறைகள் இல்லை. எனவே இந்தப் பகுதியில் குறிப்பிடத்தக்க அளவில் குரோமியம்-6 தென்பட்டால், பாறையைக் குற்றம்சாட்டித் தப்புவது கடினம். கலிபோர்னியாவில் பல ஊர்களில் அந்த விவாதமே ஆண்டுக்கணக்கில் நடந்தது. இங்கே அது சுருங்கிவிடும்.

3. ராணிப்பேட்டைக் குவியல்

ராணிப்பேட்டை சிப்காட்டில் 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனம், குரோமைட் தாதுவிலிருந்து சோடியம் டைகுரோமேட்டையும், தோல் பதனிடப் பயன்படும் கார குரோமியம் சல்பேட்டையும் தயாரித்தது. தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுத்தால், கரையாத குரோமியம்-3 கரையும் குரோமியம்-6 ஆகிறது. நீர் விட்டுப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் சக்கையில் சுண்ணாம்பும், முழுதாக வெளியேறாத குரோமேட்டும் தங்கிவிடும். சுண்ணாம்பு காரத்தைத் தக்கவைக்கும். காரம் குரோமேட்டைக் கரைசலில் வைத்திருக்கும். ஒவ்வொரு மழையும் கொஞ்சம் எடுத்துச் செல்லும்.

இத்தகைய சக்கை எவ்வளவு காலம் கசியும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் சான்று. ஷாஃபீல்டில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1960களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு, நகரின் தென்கிழக்கில் பல இடங்களில் பள்ளம் நிரப்பப் பயன்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, அண்மை ஆண்டுகளிலும் அங்குள்ள போல்மடி ஓடை பச்சையும் மஞ்சளுமாக ஓடியிருக்கிறது.

ராணிப்பேட்டையில் என்ன நடந்தது என்பதைப் பலரும் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள்’ பட்டியலின் வழியாகவே அறிந்தார்கள். அந்த அறிக்கையின் சில தகவல்கள் பயனுள்ளவை: ஆலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்த குடியிருப்பில் மூன்று திறந்த கிணறுகளும், ஒரு டஜன் ஆழ்துளைக் கிணறுகளும், ஏறத்தாழ 25 பொதுக் கைப்பம்புகளும் குரோமியத்தால் கைவிடப்பட்டதாக அது பதிவுசெய்தது. இரண்டு இடங்களில் அதோடு முரண்பட வேண்டியிருக்கிறது.

முதலாவது, எடை. இரண்டு எக்டேர் பரப்பில் மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்துக்குக் கழிவு குவிந்திருக்கிறது என்றும், அதன் எடை 15 லட்சம் டன் என்றும் அறிக்கை ஒரே மூச்சில் சொன்னது. இரண்டு எக்டேரை ஐந்து மீட்டரால் பெருக்கினால் ஒரு லட்சம் கனமீட்டர். அதில் 15 லட்சம் டன் அடங்க வேண்டுமானால் கனமீட்டருக்கு 15 டன் எடை வேண்டும். ஈயமே 11.3 டன்தான். அரசு ஆவணங்களிலும் தேசியப் பசுமைத் தீர்ப்பாய நடவடிக்கைகளிலும் பின்னர் நிலைபெற்ற எண் 2.27 லட்சம் டன். அப்படியானால் கனமீட்டருக்கு இரண்டு டன்னுக்குச் சற்று மேலே வருகிறது; உலைச் சக்கைக்கு இது நம்பத்தக்க எடை. லட்சத்தை மில்லியனாக்கும் வழியில் எங்கோ ஒரு சுழி கூடிவிட்டது என்று ஊகிக்கிறேன். எந்தத் திருத்தமும் இல்லாமல் அந்தப் பெரிய எண் இன்றும் கட்டுரைகளில் நடமாடுகிறது. எண்ணைப் பெரிதாக்குவது பாதிக்கப்பட்டவருக்கு உதவும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத்தான் அது உதவும்.

இரண்டாவது, மூலம். அறிக்கை இந்த மாசைத் ‘தோல் பதனிடும் கழிவு’ என்று வகைப்படுத்தியது. தோல் பதனிடும் தொட்டியில் பயன்படுவது குரோமியம்-3. பாலாற்றுப் படுகையைத் தோல் ஆலைகள் உப்பாலும் கரிமக் கழிவாலும் குரோமியத்தாலும் கெடுத்தது உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அதை விரிவாகப் பதிவுசெய்கிறது. தோல் தொழில் மண்டலத்தில் 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை அது குறிப்பிடுகிறது. ஆனால் நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய குரோமியம்-6இன் முதன்மை ஊற்று, தோல் ஆலைகளுக்கு மூலப்பொருள் செய்துகொடுத்த ஆலை. இவ்விரண்டையும் கலந்து பேசினால், தோல் ஆலைக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியதோடு ராணிப்பேட்டைப் பிரச்சினை முடிந்தது என்று தோன்றிவிடும். ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கடந்த பின்னும் குவியல் அகற்றப்படாமல் கிடந்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். தோல் தொழிலுக்குச் சங்கம் இருந்தது, ஏற்றுமதி இருந்தது, வழக்காட ஆள் இருந்தது. மூடிய ஆலையின் குவியலுக்கு அவற்றில் எதுவும் இல்லை.

உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் தேகாத்தின் ரனியாவில் இதே வகைத் தொழில், அறுபதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. அங்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் தலையிட்டபோது கழிவு கிடந்த காலம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியிருந்தது.

4. நோய்ச் சான்று எங்கே நிற்கிறது

மூச்சு வழியாகப் போகும் குரோமியம்-6 நுரையீரல் புற்றுநோய் தரும் என்பதில் ஐயம் இல்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் அதை முதல் பிரிவில் சேர்த்தது. குடிநீர் வழியே போனால் என்ன ஆகும் என்பதுதான் நீண்ட சர்ச்சை. இரைப்பை அமிலம் குரோமியம்-6ஐ 3ஆக மாற்றிவிடும், ஆகவே குறைந்த அளவு தீங்கற்றது என்பது ஒரு தரப்பு. இத்தாலிய ஆய்வாளர் சில்வியோ டி ஃப்ளோரா இதைப் பல ஆண்டுகள் வாதிட்டார். மாற்றம் முழுமையடையும் முன்பே ஒரு பங்கு குடலை எட்டிவிடுகிறது என்பது மறுதரப்பு.

மனிதர்களிடம் கிடைத்த சான்று சிறியது. அதன் வரலாறும் சுத்தமானதல்ல. சீனாவின் ஜின்சௌ நகருக்கு அருகே குரோமியம் உருக்காலையைச் சுற்றிய ஊர்களில் கிணற்று நீர் மஞ்சளானதை ஒட்டி, ஜாங் ஜியான்தோங் 1987இல் வெளியிட்ட ஆய்வு புற்றுநோய் இறப்பு கூடியிருந்ததாகச் சொன்னது. 1997இல் அதே ஆய்வாளர்களின் பெயரில் வந்த மற்றொரு கட்டுரை அந்த முடிவைத் தலைகீழாக்கியது. அதன் தயாரிப்பில் தொழில்தரப்பு ஆலோசனை நிறுவனம் ஒன்றின் பங்கு மறைக்கப்பட்டிருந்தது என்பது வெளிவந்த பின் 2006இல் ஆய்விதழ் அதைத் திரும்பப் பெற்றது. 2008இல் பியூமான்ட் குழு பழைய தரவை மறுபடி கணக்கிட்டு, இரைப்பைப் புற்றுநோய் கூடியிருந்ததைக் காட்டியது. தொழிற்சாலை நிதியில் பிறந்த மறுஆய்வு எதையும் நம்பக்கூடாது என்று இதிலிருந்து முடிவுகட்டத் தேவையில்லை. நிதி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் நம்பக்கூடாது.

கலிபோர்னியாவின் ஹிங்க்லி, 2000இல் வந்த எரின் புரோக்கோவிச் திரைப்படத்தால் உலகப் புகழ்பெற்றது. பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக் நிறுவனம் 1952 முதல் 1966 வரை குளிர்விப்புக் கோபுரங்களில் துருவைத் தடுக்கக் குரோமியம்-6 சேர்த்த நீரை வெறும் மண் குட்டைகளில் விட்டது, 1996இல் 33.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. வழக்கு வென்றதால் நோய்க் காரணம் நிறுவப்பட்டது என்று பொருளாகாது. ஒரு சிறிய ஊரின் புற்றுநோய் எண்ணிக்கையை வைத்து எதையும் நிறுவுவதும் மறுப்பதும் புள்ளியியலில் கடினம். ஒரகடம் போன்ற பகுதியில் அது இன்னும் கடினமாகும். ஒப்பந்தத் தொழிலாளர் சில ஆண்டுகள் தங்கி, தண்ணீர் குடித்து, ஊர் திரும்பிவிடுகிறார்கள். நோய் வந்தால் அது ஒடிசாவிலோ பீகாரிலோ பதிவாகும்.

உறுதியான சான்று விலங்கு ஆய்விலிருந்து வந்தது. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2008இல் வெளியிட்ட ஈராண்டு ஆய்வில், சோடியம் டைகுரோமேட் கலந்த நீரைக் குடித்த சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் எலிகளுக்கு வாய்க்குழியிலும் கட்டிகள் வந்தன. கொடுத்த அளவு குடிநீரில் எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு. ஆனாலும் வாய்வழியே போனாலும் புற்றுநோய் உண்டாகும் என்பது அதோடு தெளிவானது. 2024இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடும் வாய்வழிப் புற்றுநோய் வாய்ப்பை ஏற்றது.

5. அளவுகோல்கள்

இந்தியாவின் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500. அதன் 1991 பதிப்பு குரோமியம்-6க்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தது. 2012 திருத்தத்தில் எண் மாறவில்லை, பொருள் மாறியது. இப்போது 0.05 என்பது மொத்தக் குரோமியத்துக்கான எல்லை, தளர்வு எதுவும் இல்லை. மொத்தம் 0.05க்குள் இருந்தால் குரோமியம்-6 அதற்குள் இருந்தே ஆகவேண்டும் என்பதால், பாதுகாப்புக் கூடியது என்றே தர்க்கப்படி சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் இதேதான்.

சிக்கல் வேறிடத்தில். கலிபோர்னியா குரோமியம்-6க்கெனத் தனியாக லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று 2014இல் எல்லை வைத்தது. பொருளாதாரச் சாத்தியத்தை ஆராயவில்லை என்று 2017இல் நீதிமன்றத்தில் அது செல்லாததாயிற்று. 2024 அக்டோபர் முதல் அதே எண் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் மொத்தக் குரோமியத்தை 2036க்குள் 25 மைக்ரோகிராமாக இறக்கச் சட்டம் செய்துள்ளது. அமெரிக்கக் கூட்டரசின் எல்லையோ 1991 முதல் 100. விவாதம் நடக்கும் வெளி, அதாவது 10க்கும் 50க்கும் இடைப்பட்ட பகுதி, நம் சோதனை அறிக்கைகளில் பெரும்பாலும் வெளிச்சம் படாத இடம். ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’ என்று ஓர் அறிக்கை சொன்னால், அந்த ஆய்வகத்தின் கண்டறியும் அளவு எவ்வளவு என்று கேட்டாக வேண்டும். அது 50 மைக்ரோகிராமாக இருந்தால் 40 இருக்கும் நீரும் அதே சொற்களைத்தான் பெறும்.

மாதிரி எடுக்கும் முறையும் விடையைத் தீர்மானிக்கும். மொத்தக் குரோமியத்துக்காக நைட்ரிக் அமிலம் விட்டுப் பாதுகாத்த புட்டியில் பின்னர் குரோமியம்-6ஐத் தேடினால், இடையில் அதில் ஒரு பங்கு 3ஆக மாறியிருக்கலாம். 6ஐத் தனியே அறிய வேண்டுமானால் வடிகட்டி, காரத் தாங்கல் கரைசல் சேர்த்து, குளிரில் வைத்து, விரைவில் ஆய்வகம் சேர்க்கவேண்டும். டைஃபீனைல்கார்பசைடு சேர்த்து ஊதா நிறத்தை 540 நானோமீட்டரில் அளக்கும் பழைய முறை மலிவானது, நம்பகமானது. 10 மைக்ரோகிராமுக்குக் கீழே தெளிவாகப் பேச அயனி நிறப்பகுப்பி வேண்டும். ஊராட்சிகளுக்குத் தரப்படும் கள ஆய்வுப் பெட்டிகள் கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு போன்றவற்றுக்கானவை. குரோமியத்துக்கு அவற்றில் வழக்கமாக இடமில்லை. நிறத்தைக் கண்டு பிடிக்கலாம் என்பதும் ஏமாற்று நம்பிக்கை. கண்ணுக்கு மஞ்சள் தெரிய எல்லையைப் போலப் பல மடங்கு வேண்டும்.

இன்னொன்று என்னை வியக்க வைக்கிறது. கழிவுநீர் விதிகள் இவ்விரு வடிவங்களையும் பிரித்தே பார்க்கின்றன: நீர்நிலையில் விடும் கழிவில் குரோமியம்-6 லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்தக் குரோமியம் 2.0. ஆலையின் வாசலில் செய்யும் வேறுபாட்டை ஊர்க் குழாயின் வாசலில் செய்வதில்லை. வாசலில் அனுமதிக்கப்படும் மொத்தக் குரோமியம், குழாயில் அனுமதிக்கப்படுவதைப்போல நாற்பது மடங்கு. நடுவில் ஏரியும் மண்ணும் நீர்த்துப்போகச் செய்துவிடும் என்பது இதன் உட்கிடை. கோடையில் வறண்ட ஓடை நீர்த்துப்போகச் செய்ய எதைக் கொண்டு வரும்?

6. குவியல் இல்லாத மாசு

ராணிப்பேட்டையில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது, ஒரு சுற்றுச்சுவர் இருந்தது, ஒரு குவியல் இருந்தது. குவியலைச் சுற்றி வட்டம் போட்டுக் கிணறுகளைச் சோதித்தால் எல்லை தெரிந்துவிடும். வாகனத் தொழில்வழியில் குரோமியம்-6 இருக்கும் விதமே வேறு. அது பளபளக்கும் உதிரிபாகத்துக்கும் அதிர்வுதாங்கித் தண்டுக்கும் முலாம் பூசும் தொட்டிகளில், சிறு சிறு அளவாக, பல கூரைகளின் கீழ் சிதறியிருக்கும். காசியாபாத்தின் லோகியா நகரில் நிலத்தடி நீரில் குரோமியம்-6 கண்டறியப்பட்டு வழக்கு பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்பில் மாசைக் காண்பது எளிது, அதற்குரியவரைக் காண்பது அரிது என்பதற்கு அது நெருங்கிய முன்மாதிரி.

ஐரோப்பா வாகனங்களில் குரோமியம்-6ஐத் தடைசெய்துவிட்டதே, பின் கவலை எதற்கு என்று கேட்கலாம். ஆயுள் முடிந்த வாகனங்கள் பற்றிய ஐரோப்பியச் சட்டம் 2007 ஜூலை முதல் அதை உண்மையிலேயே கட்டுப்படுத்தியது. திருகாணிகளில் வந்த மஞ்சள் வானவில் பூச்சு குரோமியம்-3 பூச்சாக மாறியது அதனால்தான். ஆனால் அந்தச் சட்டம் பார்ப்பது வாகனத்தில் மிஞ்சும் பொருளை. முலாமாகப் படிந்தபின் குரோமியம் வெறும் உலோகம். அதில் குரோமியம்-6 கிடையாது. ஆகவே குரோமிக் அமிலத் தொட்டியில் பூசப்பட்ட தண்டு சட்டத்தின் கண்ணில் தூய்மையானது. 2017 செப்டம்பருக்குப் பின் ஐரோப்பாவுக்குள் குரோமிக் அமிலம் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும்; வெளியே பூசி இறக்குமதியாகும் பாகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வண்டி ஓட்டுபவரையும், அதைப் பிரிக்கும் ஐரோப்பியத் தொழிலாளியையும் காக்கும் ஏற்பாடு இது. பூசும் ஊரின் கிணறு அதன் எல்லைக்கு வெளியே.

தொட்டியின் அளவை வைத்து ஒரு கணக்குப் போடலாம். வழக்கமான முலாம் கரைசலில் லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம் இருக்கும். அதில் 130 கிராம் குரோமியம். ஒரே ஒரு லிட்டர் கரைசல் தரையில் இறங்கினால், குடிநீர் எல்லையைத் தொடும் அளவுக்கு 26 லட்சம் லிட்டர் நீரைக் கெடுக்க அது போதும். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளாகச் சொன்னால் இருநூறுக்கு மேல். மண்ணும் வண்டலும் இடையில் தடுக்கும் என்பதால் இது நடக்கப்போகும் கணிப்பு ஆகாது. ஆனால் ‘சிறு பட்டறை, சிறு அளவு’ என்ற வாதத்தின் எடையை இது காட்டிவிடும்.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியமானது. அலங்கார முலாமின் தடிப்பு ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கு அளவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் படிவது சுமார் இரண்டு கிராம் குரோமியம். தொட்டியிலிருந்து பாகத்தைத் தூக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் கரைசல் சதுர மீட்டருக்கு 50 மில்லி என்று வைத்தால்கூட, அதில் ஆறரை கிராம் குரோமியம் அலசுநீருக்குப் போகிறது. பொருளின்மேல் ஒட்டுவதைவிட அலசுநீரில் போவது ஏறத்தாழ மும்மடங்கு. நல்ல பட்டறை வடியவிட்டு, முதல் அலசுநீரைத் தொட்டிக்கே திருப்பி, மீதியில் சோடியம் மெட்டாபைசல்பைட் விட்டு 6ஐ 3ஆக இறக்கி, சுண்ணாம்பால் கசடாகப் படியவைக்கும். இது பழைய வேதியியல், கடினமில்லை, செலவுதான். ஒரு பாகத்துக்கு இத்தனை பைசா என்று கூலி பேசும்போது அந்தச் செலவு யார் பக்கம் எழுதப்படுகிறது என்பதில் விடை இருக்கிறது.

7. கணக்கு எங்கே இருக்கிறது

மேற்சொன்னதிலிருந்து ஒரு நடைமுறை விளைவு பிறக்கிறது. பாறைப் பிளவுகளில் ஓடும் நீரில், பத்துக் கிணறுகள் சுத்தமாக இருந்து பதினோராவது கெட்டிருக்கலாம். மழைக்கு முன்னும் பின்னும் எண் மாறலாம். ஆழ்துளைக் கிணறு பல பிளவுகளின் நீரைக் கலந்தே மேலே தள்ளும். சிதறிய மாசுக்குக் கிணற்றுச் சோதனை மட்டும் போதாது என்பதற்கு இவை காரணங்கள். அதோடு, கிணற்றில் தெரியும்போது தாமதமாகிவிட்டது என்பதையும் ராணிப்பேட்டை காட்டியது.

குரோமியம் தனிமம், எரிக்கவோ ஆவியாக்கி மறைக்கவோ முடியாது. வாங்கிய ஒவ்வொரு கிலோவும் பொருளின்மேல், கசடில், அல்லது வேறெங்கோ இருந்தே தீரும். 100 கிலோ குரோமிக் அமிலச் செதில் வாங்கினால் 52 கிலோ குரோமியம் உள்ளே வந்துவிட்டது. அதில் ஒரு பகுதி முலாமாகிறது; மீதியெல்லாம் முறைப்படி படியவைக்கப்பட்டால் நூறு கிலோவுக்குக் குறைவான உலர்ந்த ஹைட்ராக்சைடு, ஈரத்தோடு அதைப்போலச் சில மடங்கு கசடு, வெளியேற வேண்டும். அபாயகரமான கழிவுகள் பற்றிய 2016 விதிகள் இதற்கான தாள்களை ஏற்கெனவே கேட்கின்றன: படிவம் 3இல் அன்றாடப் பதிவு, படிவம் 4இல் ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் அறிக்கை, கழிவு லாரியோடு போகும் படிவம் 10 ஏழு நகல்களில். கசடு போய்ச் சேர கும்மிடிப்பூண்டியில் பாதுகாப்பான நிரப்பிடம் இருக்கிறது. கொள்முதல் பக்கத்தில் சரக்கு-சேவை வரிப் பட்டியல் இருக்கிறது. இந்த இரு பக்கமும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடப்படுவது வழக்கமாக இல்லை. ஒன்று வரித்துறையில், மற்றொன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில்.

ஒரு பேட்டைக்குள் வந்த குரோமிக் அமிலமும் வெளியேறிய குரோமியக் கசடும் ஆண்டுதோறும் ஒப்பிடப்பட்டு, பெயரின்றி மொத்த எண்ணாக வெளியிடப்பட்டால், எந்தத் திசைக் கிணற்றில் புட்டியை இறக்குவது என்பது தெரியும். இழப்பு பெரிதாகத் தெரியும் பேட்டைக்கு நீரோட்டத்தின் கீழ்ப்புறம் இருக்கும் ஊராட்சிக் கிணறுகளில் ஆண்டுக்கு இருமுறை, குரோமியம்-6க்கெனத் தனியாக எடுத்த மாதிரி, கண்டறியும் அளவு அச்சிட்ட அறிக்கை. இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. வணிக ரகசியம் என்ற எதிர்ப்பு வரும். தொட்டியின் செய்முறை ரகசியமாக இருக்கலாம். ஒரு பேட்டை முழுவதும் வாங்கிய அமிலத்தின் மொத்த எடையில் என்ன ரகசியம்?

கேன் தண்ணீர் இருக்கிறதே என்பது மற்றொரு சமாதானம். கேன் நீரைச் சுத்திகரிக்கும் எதிர்ச்சவ்வூடு பரவல் குரோமேட்டைப் பெரும்பாலும் தடுக்கும் என்பது சரி. தடுத்ததை எங்கே விடுகிறது? கழிவுக் குழாய் வழியே அதே மண்ணில். கேன் வாங்கிக் குடிப்பவரும் சமையலுக்கும் மாட்டுக்கும் மேல்நிலைத் தொட்டி நீரையே நம்புகிறார்.

பொறுப்பு பற்றிச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலுத்தவேண்டும் என்ற நெறியை 1996 தீர்ப்பு இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. அதே பாலாற்று விவகாரத்தில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியோரிடம் வசூலிக்கட்டும் என்றும், சேதம் சீராகும்வரை பொறுப்பு தீராது என்றும் கூறியது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே 28 ஆண்டுகள். அந்தத் தோல் ஆலைகளுக்கு முகவரியாவது இருந்தது. வாடகைக் கொட்டகையில் ஐந்தாறு ஆண்டுகள் முலாம் பூசிவிட்டு இடம் மாறும் பட்டறைக்கு அதுவும் நிலையில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை காலாவதியாகும், தொட்டிகள் விற்கப்படும், தரையின் வெடிப்புகளுக்குக் கீழே உள்ள மண் அங்கேயே இருக்கும். காலி செய்யும்போது தரை மண்ணைச் சோதித்து அறிக்கை தரவேண்டும் என்பது இசைவாணையின் நிபந்தனையானால், முன்பணத்தைத் திருப்பித் தருமுன் கொட்டகைக்காரரே அதைக் கேட்டு வாங்குவார். இன்றைய நிலையில் அடுத்து அந்த இடத்தை வாங்குபவர் எடுக்கும் வில்லங்கச் சான்றில் அடமானம் வரும், பாகப்பிரிவினை வரும். தரைக்கடியில் கிடக்கும் குரோமியத்துக்கு அதில் பத்தி இல்லை.